இரண்டு வாங்கினோம், ஒன்பது ஆகிவிட்டது: கினி பிக் குடும்பத்தை என்ன செய்வது?

வாசகர் கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

"தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. தீபாவளிக்குக் கொளத்தூர்க் கடை ஒன்றில் இரண்டு கினி பிக் (வீட்டில் வளர்க்கும் சின்னக் கொறிவிலங்கு) வாங்கினோம். ரெண்டும் பொண்ணுதான்னு சொல்லித்தான் கொடுத்தார்கள். பொங்கலன்று, ஜனவரி 15-ல், மூன்று குட்டி. மார்ச் 24-ல் இன்னும் நான்கு. ஒன்பதும் மொட்டைமாடி ஷீட் அறையில், ரெண்டடிக்கு ஒன்றரையடி கம்பிக்கூண்டில் இருக்கின்றன. தாய்க்கு விலாப்பக்கம் முடி கொட்டுகிறது, இளைத்தும் விட்டது. பொங்கல் குட்டிகளில் ஒன்று பின்னங்காலை இழுக்கிறது, தூக்கினால் கத்துகிறது. இனிமேல் குட்டி போடாமல் இருக்க மாத்திரை ஏதும் உண்டா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்று கேட்கிறார்கள், கொடுக்கலாமா? கத்திரி வெயிலை எப்படித் தாட்டுவது? என் சின்னவன் ஒன்று கேட்கச் சொன்னான்: குட்டிகள் திடீரென்று எம்பிக் குதித்து உடம்பை உதறுகின்றன, அது வலிப்பா?"

கால்நடை மருத்துவரின் பதில்

மற்றதையெல்லாம் அப்புறம் படிக்கலாம். நீங்கள் வாங்கிய இரண்டில் குட்டி போடாதது ஆண். முதலில் அந்த ஆணைத் தூக்கித் தனியாக வையுங்கள். இன்று ராத்திரிக்குள். காய்கறிக் கூடையோ அட்டைப்பெட்டியோ, எது கையில் அகப்படுகிறதோ அது போதும். அடியில் செய்தித்தாள், இரண்டு கைப்பிடி புல், ஒரு கிண்ணம் தண்ணீர். நல்ல இடத்தை நாளைக்கு அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், கினி பிக் தாய் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆண் கூடவே இருந்தால் அன்றைக்கே சினை பிடிக்கும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். பொங்கலிலிருந்து மார்ச் 24 வரை எண்ணிப் பாருங்கள், 68 நாள் வரும். பொங்கல் குட்டிகள் பிறந்த அன்றே இரண்டாவது சினையும் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மார்ச் 24 அன்றும் ஆண் கூண்டுக்குள்தான் இருந்தது. அதனால் தாய் இப்போது மூன்றாவது சினையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குட்டி போடும் நாள் மே 22-க்கும் ஜூன் 4-க்கும் நடுவில் வரும். வயிறு நிறையக் குட்டியோடு கத்திரியில் பெரும்பகுதியை அது கடக்க வேண்டியிருக்கும். அன்று தப்பியிருந்தாலும் 15 முதல் 17 நாளில் அடுத்த பருவம் வந்துவிடும், அதாவது ஏப்ரல் 8-லிருந்து 10-க்குள். இன்றைக்கே பிரித்தால் அந்த ஒரு வாய்ப்பாவது மிஞ்சும்.

பொங்கல் குட்டிகளில் எத்தனை பெண் என்று நீங்கள் எழுதவில்லை. பெண் குட்டி நான்கைந்து வாரத்திலேயே சினை பிடிக்கும் வயதுக்கு வந்துவிடும். அப்பனென்றும் அண்ணன் தம்பியென்றும் அவற்றுக்குத் தெரியாது. பிப்ரவரி நடுவிலேயே சினை பிடித்திருந்தால் ஏப்ரல் கடைசியில் அந்தப் பெண்களும் குட்டி போடும். தாய்க்கு மூன்று நான்கு, தலையீற்றுக்காரிகளுக்கு ஒன்றிரண்டு என்று வைத்தாலே ஜூனில் உங்கள் வீட்டில் பதினைந்து பதினாறு இருக்கும். அதற்கான இடத்தையும் தீனியையும் இப்போதே திட்டமிட வேண்டும்.

ஆண், பெண் பார்ப்பது கஷ்டமில்லை, அவசரப்பட்டால்தான் தப்பு வரும். தரையில் உட்கார்ந்து மடியில் ஒரு துண்டை விரித்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி குட்டியை மல்லாக்கப் படுக்கவையுங்கள். இடது கை முதுகையும் புட்டத்தையும் தாங்கட்டும். பிறப்புறுப்புக்குச் சற்று மேலே வயிற்றில் வலது கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். ஆண் என்றால் தோலுக்கடியில் தீக்குச்சி கனத்தில் ஒரு தண்டு விரலுக்குத் தட்டுப்படும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் குறி வெளியே வரும். பெண் என்றால் எதுவும் தட்டுப்படாது, ஆங்கில ஒய் எழுத்துப் போல ஒரு மடிப்பு தெரியும். ஆசனவாய்க்கும் குறிக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடைகளில் தப்பு நடப்பதே அப்படித்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பாருங்கள். நிறத்தையும் அடையாளத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்த்து முடித்ததும் குடும்பம் இரண்டாகும். தாயும், பொங்கல் குட்டிகளில் பெண்களும், பால்குடிக் குட்டிகள் நான்கும் ஒரு பக்கம். அப்பனும் பொங்கல் குட்டிகளில் ஆண்களும் மறு பக்கம். பால்குடிகளில் ஆண் எவை என்று இப்போதே பார்த்து வையுங்கள், ஆனால் இப்போது பிரிக்க வேண்டாம். பிறந்த மறுநாளிலிருந்தே புல்லைக் கடித்தாலும் மூன்று வாரம் தாய்ப்பால் வேண்டும். 21-வது நாள் ஏப்ரல் 14, சித்திரை முதல் தேதி. வருஷப்பிறப்பு வேலைகளுக்கு நடுவில் மறந்துவிடாமல் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கு ஆண்குட்டிகள் அப்பன் பக்கம் போக வேண்டும். ஒரு வாரம் தள்ளினால்கூட தாயையோ அக்காளையோ சினைப்படுத்தும் வயது வந்துவிடும்.

வளர்ந்த ஆணும் சின்ன ஆணும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பெண் வாடை அடிக்காத தூரம் வேண்டும், முடிந்தால் வேறு அறை. இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டு இடத்தில் புல், இரண்டு வழி உள்ள மறைவிடங்கள் வையுங்கள். இடுப்பை ஆட்டிக்கொண்டு உறுமுவது வெறும் அதிகாரம்தான், விட்டுவிடலாம். பிடரி முடி சிலிர்த்து, பல்லை நறநறவென்று கடித்து ஒன்றையொன்று சுற்ற ஆரம்பித்தால் அடுத்து கடிதான். நடுவில் கையை விடாதீர்கள், பல் எலும்புவரை இறங்கும். முறத்தை நடுவே செருகிப் பிரித்துவிடுங்கள். மூன்று ஆணுக்கு மேல் ஆனால் இரண்டிரண்டாகப் பிரித்து வைப்பதுதான் நிம்மதி.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். குட்டி போடாமல் இருக்கவும் சினையைக் கலைக்கவும் வீட்டில் கொடுக்கக்கூடிய மாத்திரை எதுவும் கினி பிக்குக்குக் கிடையாது. மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிரித்து வைப்பதுதான் முதல் வழி. ஆண்களுக்கு விதைநீக்கம் செய்வது இரண்டாவது வழி. நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரிடம் இதைக் கேட்காதீர்கள், கினி பிக்குக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரிடம்தான் போக வேண்டும். உங்களுக்குக் கிட்டே வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். அறுவை நாளன்று நாய்க்குப் போல ராத்திரியெல்லாம் பட்டினி போடக் கூடாது. கினி பிக்குக்கு வாந்தி வராது, குடல் நின்றால்தான் ஆபத்து. அறுவை முடிந்த பிறகும் ஆறு வாரம் பெண் பக்கம் விடக் கூடாது, பழைய விந்து உள்ளே தங்கியிருக்கும்.

உங்கள் பெண்குட்டிகள் இந்த வயதில் சினையாகியிருக்குமோ என்று கலங்கியிருப்பீர்கள். அதில் ஒரு ஆறுதல் உண்டு. தலையீறு ஆறேழு மாதத்துக்குள் நடந்தால் இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பு இளகிக் கொடுக்கும். அந்த வயதைத் தாண்டி முதன்முதலாகச் சினைப்பட்டால்தான் இணைப்பு இறுகிப்போய், குட்டியின் தலை வெளியே வர முடியாமல், வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டிய நிலை வரும். ஆகவே சினையாகாமல் தப்பிய பெண் எதுவும் இருந்தால், பின்னாளில் 'ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும்' என்று ஆணுடன் விடாதீர்கள். அது உயிருக்கு உலை.

கால் இழுக்கும் குட்டியை நாளை காலையே காட்டுங்கள். இரண்டு காரணத்தில் ஒன்றாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கம்பித்தரையில் கால் மாட்டி எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் வைட்டமின் சி குறைவு. நம்மைப் போலவே கினி பிக்காலும் வைட்டமின் சி-யைத் தன் உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. தீனியில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீங்கி வலிக்கும், நடக்கத் தயங்கும், தொட்டால் கத்தும், முடி சொரசொரக்கும், ஈறில் ரத்தம் கசியும். முயல் தீனியை மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் இது சாதாரணம், அதில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை.

மருத்துவரிடம் போகும்வரை காத்திருக்காமல் இதைச் செய்யுங்கள். 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் 10 மில்லியில் கரையுங்கள். ஒரு மில்லியில் 50 மி.கி. இருக்கும். அரைக் கிலோ எடையுள்ள குட்டிக்கு அரை மில்லி. ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால், வாயின் ஓரமாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். மீதியைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் கரையுங்கள். குறைபாடுதான் காரணம் என்றால் ஒரு வாரத்துக்குள் நடையில் வித்தியாசம் தெரியும். கால் தொங்கினாலோ வீங்கியிருந்தாலோ அது முறிவு, நாளைவரைகூடப் பொறுக்காதீர்கள்.

நோயில்லாத பெரிய கினி பிக்குக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மி.கி. வைட்டமின் சி வேண்டும். சினையானவைக்கும் வளரும் குட்டிக்கும் 30 வரை கொடுக்கலாம். கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மி.கி. இருக்கிறது, அதனால் விரல் அகலத்தில் ஒரு சின்னத் துண்டே போதும். குடைமிளகாய் இரண்டு கீற்றும் ஒரு பிடி கொத்தமல்லித்தழையும் தினமும் கொடுக்கலாம். தண்ணீர்ப் பாட்டிலில் வைட்டமின் சொட்டு விடும் பழக்கம் பயனில்லாதது. வெளிச்சத்தில் சில மணி நேரத்தில் சத்துக் கெடும், ருசி மாறித் தண்ணீர் குடிப்பதும் குறையும்.

ஆனால் காய்கறி பக்கத்தீனிதான், சோறு என்றால் புல். எந்நேரமும் தீராமல் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தினமும் அதன் உடம்பளவு குவியல். முன்பல் மட்டுமல்ல, கடைவாய்ப்பல்லும் ஆயுள் முழுக்க வளரும். நார் உள்ள புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். வடசென்னையில் இதற்கு அலைய வேண்டியதில்லை. பூக்கடைகளில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல் அருமையான தீனி. மாட்டுக்குப் பச்சைப்புல் கட்டு விற்கும் இடங்களில் கம்பு நேப்பியர் புல் கிடைக்கும், தடித்த தண்டை நீக்கி ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். சோளக்கதிர் வண்டிக்காரர் உரித்துப் போடும் பச்சை மட்டையையும் நாரையும் கேட்டு வாங்கி வந்தால் ஒன்பதும் ஓடி வரும். எல்லாவற்றையும் கழுவி, விசிறிக் காற்றில் ஈரம் போக உலர்த்திக் கொடுங்கள். ஈரப்புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும், அதைத் தின்றால் வயிறு உப்பும். ரயில் தண்டவாள ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் பறிக்காதீர்கள், களைக்கொல்லியும் சாக்கடையும் எங்கே பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. வைக்கோல் படுக்கைக்கு ஆகும், வயிற்றுக்குச் சத்தில்லை.

குதிரைமசால் என்ற தீவனப்பயிர் சினையானவைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளுக்கும் நல்லது. அப்பனுக்கு வேண்டாம், அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் கட்டும். முருங்கைக்கீரையை வாரத்துக்கு ஒரு கொத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பாலக், அரைக்கீரை, சிறுகீரையையும் தினசரித் தீனி ஆக்காதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வீட்டில் குடிக்கும் கேன் தண்ணீரையே கொடுங்கள். மூத்திரம் காய்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளைப்படலம் இருப்பது இயல்பு. மணல் போல நெருடினால், ரத்தம் தெரிந்தால், மூத்திரம் போகும்போது கத்தினால் அது கல். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, சோறு, இட்லி, பிஸ்கட், பால் எதுவும் கூடாது. கினி பிக்குக்கென்றே விற்கும் பெல்லட் (அழுத்திச் செய்த குச்சித்தீனி) பெரியதற்கு நாளுக்கு 20 கிராம் போதும். தயாரித்த தேதியைப் பார்த்துச் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள், மூன்று மாதத்தில் அதிலுள்ள வைட்டமின் சி போய்விடும்.

தாய் இளைத்ததில் அதிசயமில்லை. கினி பிக்குக்கு முலைக்காம்பு இரண்டே இரண்டு. நான்கு குட்டி முறை வைத்துக் குடிக்கின்றன, வயிற்றில் அடுத்ததும் இருக்கக்கூடும். தாய்க்கு மட்டும் பெல்லட்டை அளக்காமல் கொடுங்கள், குதிரைமசாலும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி, அரிப்பில்லாமல், தோல் சுத்தமாக இருந்து முடி மட்டும் மெலிந்திருந்தால் அது சினையிலும் பால் கொடுக்கும் காலத்திலும் வருவது, தானே முளைக்கும். சொறிந்து சொறிந்து புண்ணாகி, தோல் தடித்துப் பொருக்குத் தட்டினால் சொறிப்பூச்சி. மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் வட்டமாகச் செதில் உதிர்ந்தால் படர்தாமரை, அது உங்கள் பிள்ளைகளுக்கும் ஒட்டும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தை இவற்றின்மேல் தெளிக்காதீர்கள். சொறிப்பூச்சிக்கு மருந்து உண்டு, எடை பார்த்து மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டியது.

மருந்து என்றதும் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெடிக்கலில் கேட்டு அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு நல்லது செய்யும் அந்த மருந்து கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு கக்கும் கிருமியை வளரவிடும். சில நாளில் கழிச்சல் கண்டு செத்துவிடும்.

இனி இடம். மூன்று சதுர அடியில் ஒன்பது என்பது சந்தைக்கூடையில் அடைத்தது மாதிரி. கூண்டை மறந்துவிடுங்கள், தரையிலேயே பட்டி போடலாம். ஆண்கள் இரண்டுக்கு நாலடிக்கு இரண்டடி. தாய் பக்கத்துக்கு நாலடிக்கு மூன்றடியாவது வேண்டும், அடுத்த குட்டிகள் வந்தால் இன்னும் இரண்டடி நீட்டுங்கள். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் சன்பேக் ஷீட் என்ற பிளாஸ்டிக் அட்டை கிடைக்கும். நான்கு பக்கமும் 6 அங்குலம் மடித்து மூலையில் டேப் ஒட்டினால் ஒழுகாத தட்டு. சுற்றிலும் ஒன்றரையடி உயரத்துக்கு வெல்டு மெஷ் கம்பிவலை நிறுத்துங்கள். கண் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும், அதற்கு மேல் போனால் பிறந்த குட்டி தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். மேலே மூடி கட்டாயம். நம் பக்கத்துப் பெருச்சாளியும் பூனையும் குட்டிகளை விட்டுவைக்காது. மூடியோடு கொசுவலையும் போட்டுவிட்டால் கொசுவத்தி, சாம்பிராணி தேவைப்படாது. அந்தப் புகை இவற்றின் நுரையீரலுக்கு ஆகாது.

அடியில் ஐந்தாறு அடுக்கு செய்தித்தாள், மேலே பழைய பருத்தித் துணி. ஓரம் பிரிந்த நூல் இருந்தால் வெட்டிவிடுங்கள், காலில் சுற்றி இறுகும். மர அறுவைப் பட்டறைத் தூளும் உமியும் வேண்டாம், தூசு மூக்கில் ஏறும். ஈர மூலையைத் தினமும் மாற்றுங்கள், மூன்று நாளுக்கொருமுறை தட்டைக் கழுவுங்கள். வெள்ளையாகப் படிந்த மூத்திரக் கறைக்கு வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெயர்ந்து வரும். பினாயில் ஊற்றாதீர்கள். உள்ளே சக்கரம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது வெள்ளெலிக்கானது, இவற்றின் முதுகெலும்பு அப்படி வளையாது. முயலையும் சேர்த்து வளர்க்க ஆசைப்பட வேண்டாம். முயலுக்கு ஒன்றும் செய்யாத கிருமி கினி பிக்குக்கு நிமோனியா கொண்டுவரும்.

வெயிலுக்கு ஒரே பதில், ஷீட் அறையைக் காலி செய்யுங்கள். ஏப்ரலுக்குள்ளேயே. கினி பிக்குக்கு இதமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி. 30-ஐத் தாண்டினால், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில், ஆபத்து. அதற்கு வியர்க்காது. கத்திரியில் வெளியே 40 அடிக்கும்போது ஷீட்டுக்கடியில் அதைவிட ஏறும். முதலில் சாவது சினையானவைதான். கீழே வீட்டுக்குள், தெருச் சத்தமும் மேற்கு வெயிலும் படாத சுவரோரம் பட்டியைப் போடுங்கள். சின்ன வெப்பமானி ஒன்றைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் தொங்கவிட்டு அதைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். படுக்க ஒரு கடப்பாக்கல் துண்டு வையுங்கள். வாய் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து, கூர்முனையைத் தேய்த்து வழவழப்பாக்கினால் குளிர்ச்சியான வீடு. தண்ணீர்ப் பாட்டிலை உறைய வைத்துப் பழைய சாக்ஸுக்குள் போட்டு ஒரு மூலையில் வைத்தால், வேண்டியது போய்ச் சாய்ந்துகொள்ளும். மின்தடைக்கென்று இரண்டு பாட்டில் எப்போதும் ஃபிரீஸரில் இருக்கட்டும். சன்னலில் ஈரச்சாக்கு கட்டுவது முற்பகல் வறட்சிக்குச் சரி. கடற்காற்று ஏறியபின் எடுத்துவிடுங்கள், அதற்குப்பின் புழுக்கத்தைத்தான் கூட்டும். குளிப்பாட்ட வேண்டாம்.

நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து இரைத்து, எச்சில் வடிந்தால் வெப்பத்தாக்கு. குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் துடைத்துக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். கூட்டிப்போகும்போது காற்றோட்டமுள்ள கூடையில், துண்டு விரித்து, ஒரு துணையோடு வைத்துக் கொண்டுபோங்கள்.

சினையானவற்றை முடிந்தவரை தூக்காதீர்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு டப்பாவோடு நிறுத்து நோட்டில் எழுதுங்கள், மற்றவற்றுக்கும் இதேதான். எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் சினையான ஒன்று தீனியைத் தொடாமல் முடங்கினால், மூச்சில் நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தால், அது சினைநஞ்சு, மணிக்கணக்கில் உயிர் போகும். குட்டி போடுவது பெரும்பாலும் அரை மணி நேர வேலை, உட்கார்ந்தபடியே பெறும், கூடு எதுவும் கட்டாது. இருபது நிமிடம் முக்கியும் குட்டி வராவிட்டால் கிளம்பிவிடுங்கள். குட்டி வந்தும் முகத்தில் உறை ஒட்டியிருந்தால், தாய் நக்காவிட்டால், உலர்ந்த துணியால் மூக்கைத் துடைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஆளுக்கொன்றாகக் கொடுக்காதீர்கள், கினி பிக் தனியே இருந்தால் ஏங்கிச் சாப்பாடு குறையும். ஒரே பாலில் இரண்டாக, ஐந்தாறு வாரம் ஆனபின். அதுவரை பெண்குட்டிகள் ஆணோடு இருந்திருக்கக் கூடாது, இல்லையென்றால் உங்கள் கணக்கு அவர்கள் வீட்டில் தொடரும். பொங்கல் பெண்களை இப்போது யாருக்கும் கொடுக்காதீர்கள், ஆணைப் பிரித்த நாளிலிருந்து 72 நாள் கழியட்டும். வாங்குகிறவர் பிள்ளையாக இருந்தாலும் பேச வேண்டியது பெரியவரிடம்: ஐந்து முதல் எட்டு வருஷம் வாழும், தினமும் புல் வேண்டும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்று கேளுங்கள். மிச்சமிருப்பதைப் பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ விடுவது கொலைக்குச் சமம், ஒரு ராத்திரி தாங்காது.

உங்கள் சின்னவனுக்கு: அது வலிப்பு இல்லைப்பா. குட்டி சந்தோஷமாக இருந்தால் சோளப்பொரி பொரிவது மாதிரி நாலு காலும் தரையை விட்டு எழும்பும், காற்றிலேயே உடம்பைத் திருப்பும், இறங்கியதும் ஓடும். இன்னும் பெரிய இடம் கிடைத்தால் இன்னும் உயரமாகக் குதிக்கும், பட்டி போட்ட அன்றைக்கே பார்ப்பாய். குதித்து முடித்ததும் புல்லைக் கடிக்கப் போனால் அது விளையாட்டு. பக்கவாட்டில் விழுந்து, காலெல்லாம் விறைத்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடந்தால், அதுவும் நிறையச் சொறிகிற குட்டியாக இருந்தால், உடனே அம்மாவைக் கூப்பிடு. சொறிப்பூச்சி முற்றினால் நிஜ வலிப்பு வரும், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.